பிள்ளைச் செல்வம் யாருடைய செல்வம்?

மானிடப் பிறவி எடுத்தோர் அடையத்தக்க பேறுகளுள் மக்கட்பேறு தலையாய ஒன்று என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. திருவள்ளுவர் அதற்கென இல்லறவியலில் ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். அம்மையையும் அப்பனையும் வணங்குவதோடு அமையாமல், இருவருக்கும் நடுவே குழந்தைக் கந்தனை இருத்திச் சோமாஸ்கந்தராக வழிபடுகின்ற சமயம் நம்முடையது. எனவே பிள்ளையின் அருமையைச் சைவ மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அப்பிள்ளை யாருக்கு உரியது, அதன்மேல் நமக்குள்ள அதிகாரம் எவ்வளவு என்ற வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை.

இன்று அவ்வினாவைத் தவிர்க்க முடியாத நிலை வந்துள்ளது. கல்முனை, பாண்டிருப்பு, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று நீளும் இக்கரையோர ஊர்களிலிருந்து சென்றவர்கள் நோர்வே, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, இலண்டன், கனடா என்று பல தேசங்களில் வாழ்கின்றனர். ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகளில் ஒன்று வங்கக் கடலோரத்திலும் மற்றொன்று பனி நாட்டிலும் வளர்கின்றது. ஒரு நாட்டில் நல்ல வளர்ப்பு என்று போற்றப்படுவது மற்ற நாட்டில் குற்றமாகக் கருதப்படுகின்றது. எது சரி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீதிமன்றம் வரை சென்ற கேள்வி

பிள்ளை யாருடையது என்ற கேள்வி நமது கல்முனையிலேயே உலகறிய எழுந்ததுண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அந்தப் பேரழிவினிடையே உயிருடன் கண்டெடுக்கப்பட்ட ஒரு கைக்குழந்தை கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது நோயாளியாகப் பதியப்பட்டது. ஒன்பது தாய்மார் அக்குழந்தைக்கு உரிமை கோரினர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதியே. மரபணுப் பரிசோதனையில் அவர்களே பெற்றோர் என்பது உறுதியாகி, 2005 பெப்ரவரியில் குழந்தை அவர்கள் கைக்குச் சென்றது.

நீதி வழுவாது நடந்தது. பெற்றவள் மடிக்குப் பிள்ளை திரும்பியது. ஆயினும் இங்கு சிந்திக்கத்தக்க ஒன்றுண்டு. பெற்றது யார் என்பதற்கே மரபணு விடை கூறும். அலை வற்றிய பின் அக்குழந்தையைத் தூக்கியெடுத்த கைகள் இருந்தன. ஏழு வாரம் பாலூட்டித் துடைத்து வளர்த்த தாதியர் இருந்தனர். தம் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, இது நம் பிள்ளையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியோரும் அந்நாட்களில் இக்கரையெங்கும் இருந்தனர். ஓர் உயிர் இவ்வுலகில் நிலைபெறப் பெற்றவர் இருவர் மட்டும் போதாது என்பதை அக்குழந்தை நமக்குக் காட்டிற்று.

நமது கரையின் வளர்ப்பு முறை

கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைக் கொண்டவர்கள். குடி தாயிடமிருந்து வருவது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக எழுதியுள்ளார்.

இதனால் பிள்ளைக்குக் கிடைத்த நன்மை பெரிது. பிறந்த வளவிலேயே அம்மம்மா இருப்பார். வேலிக்கு அப்பால் பெரியம்மா வீடு. அதற்கடுத்தது சின்னம்மா வீடு. ஏணையை ஆட்ட ஒரு கை ஓய்ந்தால் மறு கை வரும். தாய் சோறு குழைத்து ஊட்டும்போது பக்கத்து வளவுப் பிள்ளைக்கும் ஒரு பிடி போகும். அயலில் முஸ்லிம் வீட்டில் உம்மம்மாவும் சாச்சியும் இவ்வாறே வளர்த்தனர். பிள்ளைக்குத் தனிக்கட்டில், தனியறை என்ற எண்ணமே எழவில்லை. இரவில் பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உறங்கிய பிள்ளைகளே நாமனைவரும்.

இம்முறையில் கண்டிப்பும் இருந்தது. தாய் ஈர்க்கிலை எடுப்பார். தகப்பன் பூவரசங் கம்பை முறிப்பார். பாடசாலையில் பிரம்பு இருந்தது. ஆனால் வீட்டில் அடி ஓங்கும்போதே "பிள்ளைய விடு மகள், போதும்" என்று குறுக்கே வந்து நிற்க ஓர் அம்மம்மா இருந்தார். அடித்தவர் கோபம் ஆறவும் அடிபட்ட பிள்ளை ஒளியவும் ஒரு மடி இருந்தது. நமது வளர்ப்பு முறையின் வலிமையும் காவலும் அந்த மடியே அன்றிப் பூவரசங் கம்பு அல்ல.

பனி நாட்டின் வளர்ப்பு முறை

இனி நோர்வே நாட்டை நோக்குவோம். பிள்ளைகளுக்காகப் பேசுவதற்கென்றே ஓர் அதிகாரியை 1981இல் உலகில் முதன்முதலாக நியமித்த நாடு அது. பெற்றோரும் பிள்ளையை அடிக்கலாகாது என்று 1987இல் சட்டம் செய்தது. 1979இல் சுவீடன் இதற்கு வழிகாட்டியிருந்தது. பிள்ளை பிறந்தால் பெற்றோருக்குச் சம்பளத்துடன் ஏறத்தாழ ஓராண்டு விடுமுறை உண்டு. அதில் ஒரு பகுதி 1993 முதல் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. தந்தை எடுக்காவிட்டால் அப்பகுதி பொதுவாக இழக்கப்படும். ஒரு வயதிலிருந்து பாலர் நிலையத்தில் இடம் கேட்பது சட்டப்படியான உரிமை. ஆறு வயதில் பாடசாலை தொடங்குகின்றது. முதல் ஏழு வகுப்புகளில் புள்ளிகள் இடப்படுவதில்லை. நமது பிள்ளை பத்து வயதில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் காலையும் மாலையும் ரியூசன் வகுப்புக்கு ஓடும்போது, அங்குள்ள பிள்ளை பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருக்கும்.

கைக்குழந்தையை நன்றாகப் போர்த்தித் தள்ளுவண்டியில் வைத்துக் குளிர்காற்றில் உறங்கவிடுவது அவர்கள் வழக்கம். நமது தாய்மார் அதைக் கண்டால் நெஞ்சில் கை வைப்பார்கள். நாம் நான்கு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைக் கண்டால் அவர்கள் வியப்பார்கள். பிள்ளை தானே உண்டு, தனியே உறங்கி, தன் எண்ணத்தைத் தானே சொல்லப் பழகவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பிள்ளை சுற்றத்தோடு ஒட்டி, பெரியோர் சொற்கேட்டு, பகிர்ந்துண்டு வளரவேண்டும் என்பது நமது நோக்கம். இரண்டும் பிள்ளையின் நன்மையையே நாடுகின்றன. நன்மை எது என்பதில்தான் வேறுபாடு.

இவ்வேறுபாடு எவ்வளவு துன்பத்தைத் தரக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2011இல் நோர்வேயின் ஸ்டவாங்கர் நகரில் வாழ்ந்த ஓர் இந்திய வங்காளக் குடும்பத்தின் இரு சிறு பிள்ளைகளை அந்நாட்டுச் சிறுவர் நலச் சேவையினர் பொறுப்பேற்றனர். கையால் ஊட்டியதும் ஒரே கட்டிலில் உறங்கவைத்ததும் தமக்கெதிரான காரணங்களாகக் கூறப்பட்டன என்று பெற்றோர் முறையிட்டனர். பண்பாட்டு வேறுபாடு காரணமல்ல என்று அதிகாரிகள் மறுத்தனர். இந்திய அரசு தலையிட்டது. 2012 ஏப்ரிலில் பிள்ளைகள் தந்தையின் சகோதரர் பொறுப்பில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தாயிடம் அவர்களை ஒப்படைத்தது. இதே சேவை தொடர்பான வேறொரு வழக்கில், 2019 செப்டெம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குடும்ப வாழ்வுக்கான உரிமையை நோர்வே மீறியது எனத் தீர்ப்பளித்தது. 2023 முதல் அங்கு புதிய சிறுவர் நலச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

பிள்ளை பெற்றோரின் உடைமையல்ல என்று கூறிய ஓர் அரசு, அது அரசின் உடைமை என்பதுபோல நடக்கும் ஆபத்தும் உண்டு என்பதை இது உணர்த்துகின்றது. அதேவேளை, பிறர் பிள்ளை அடிபடும்போது "அது அவங்கட வீட்டு விசயம்" என்று கதவைச் சாத்துவதும் அறமாகாது. எல்லை எங்கே என்பதை ஆராய நமது சாத்திரத்தையே நாடுவோம்.

அடிக்கும் கையும் மறக்கருணையும்

சைவ சித்தாந்தம் உயிர் அனாதியானது என்கின்றது. தாய் தந்தையர் உயிரைப் படைப்பதில்லை. வினைக்கீடாக ஓர் உயிர் உடலெடுக்க அவர்கள் வாயிலாகின்றனர். அவ்வாறாயின் பிள்ளை நமக்குப் பின்னே வந்ததாயினும் நம்மால் ஆனது அன்று. "நான் பெற்றது, என் விருப்பப்படி செய்வேன்" என்று கூறச் சைவனுக்கு இடமில்லை. அவ்வாறு கூறிய தந்தை ஒருவன் புராணத்தில் உண்டு. அவன் பெயர் இரணியன்.

இங்கு ஒரு நியாயமான தடை எழும். அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரிலேயே, சொல்வழி வராத பிள்ளையைப் பெற்றோர் வளாரால் அடிப்பதும் அன்பினாலேயே, அதுபோல இறைவன் ஒறுப்பதும் அருளே என்று மறக்கருணை விளக்கப்படுகின்றதல்லவா? ஆகவே அடித்து வளர்ப்பது சாத்திர சம்மதமல்லவா?

இதற்கு விடை காணவேண்டும். ஆசிரியர் அங்கு விளக்க வந்தது இறைவன் செயலை. பெற்றோரின் கடமையை அன்று. மக்கள் நன்கறிந்த வழக்கத்தைக் காட்டி, சினத்தினுள்ளும் அன்பு இருக்கக்கூடும் என்றார். உவமையாக வந்தது விதியாகிவிடாது. மேலும், ஒவ்வொரு உயிரின் வினையின் அளவையும் அறிந்த முற்றறிவு உடையவன் இறைவன். ஒறுத்தலில் அவனுக்கு மிகையும் இல்லை, குறையும் இல்லை. நமக்கு அந்த அறிவு உண்டா? நமது கை ஓங்குவது பெரும்பாலும் பிள்ளையின் தவறு முற்றியதால் அன்று. வயல் வேலையில் வந்த களைப்பு, கடன்காரன் சொன்ன சொல், அயலார் முன் வந்த வெட்கம் ஆகியவற்றால்தான். முற்றறிவில்லாதவன் கையில் மறக்கருணை வெறும் மறமாகிவிடும்.

திருஞானசம்பந்தர் வரலாற்றை நினைவுகூர்வோம். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுதது; அம்மை பாலூட்டினாள். வாயில் வழிந்த பாலைக் கண்ட தந்தையார், யார் கொடுத்த எச்சிற்பாலை உண்டாய் என்று சிறு கோலை ஓங்கினார். பிள்ளை விரலால் மேலே சுட்டிக்காட்டியது. தந்தையார் தீயவரல்லர், சிவபக்தர், ஆசாரம் பேணியவர். ஆயினும் பிள்ளை கண்டதை அவர் காணவில்லை. அக்கோல் இறங்கியிருந்தால் தேவாரத்தின் முதற்சொல் அழுகையாகியிருக்கும். கோலை ஓங்கும் ஒவ்வொரு பெற்றோரும் அக்குளக்கரையிலேயே நிற்கின்றனர்.

"அடியாத மாடு படியாது" என்பார் உளர். சித்தாந்தம் உயிரைப் பசு என்று சொல்வது அது பாசத்தால் கட்டுண்டது என்பதற்காகவே. மாடு என்பதற்காக அல்ல. கட்டுண்டதை அவிழ்ப்பது அருள். மேலும் ஒரு கயிறு போடுவதன்று.

நமது நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே செல்கின்றது. 1991இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 2005இல் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையை விலக்கியது. ஆசிரியர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இதனை வெள்ளைக்காரன் சட்டம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

வெளிநாட்டில் வாழும் நம் உறவுகளின் இடர்ப்பாட்டையும் இங்கே விளங்கிக்கொள்ளலாம். அவர்கள் பூவரசங் கம்பை நினைவில் கொண்டு சென்றனர். அம்மம்மாவின் மடியைக் கொண்டுசெல்ல முடியவில்லை. குறுக்கே வந்து தடுக்கும் ஆளில்லாத மாடிவீட்டில் அதே கண்டிப்பு வேறொன்றாக மாறிவிடுகின்றது. அந்த வெற்றிடத்திலேயே அரசு வந்து நிற்கின்றது.

தாய் ஒரு நாட்டில், பிள்ளை ஒரு நாட்டில்

வெளிநாடு என்றால் ஐரோப்பா மாத்திரமன்று. நமது ஊர்களின் எத்தனையோ தாய்மார், தமிழரும் முஸ்லிம்களும், சவூதி, குவைத், கட்டார் என்று வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். அங்கே பிறர் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைக்கின்றனர். தம் பிள்ளையை இங்கே அம்மம்மா வளர்க்கின்றார். ஒரு தாயின் தாலாட்டு ஒரு நாட்டிலும் அதற்குரிய பிள்ளை மறு நாட்டிலுமாக இருப்பதைவிடக் கொடுமையான வேறுபாடு வேறுண்டோ?

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் இவ்வாறு செல்வதை 2013இல் அரசு தடுத்தது. 2022இல் அவ்வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. இவ்விதி தாயை மட்டுமே கேட்டது. தந்தை எங்கே சென்றாலும் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எந்த அலுவலகமும் அவரைக் கேட்கவில்லை. தந்தையின் பங்கை விடுமுறை மூலம் வலியுறுத்தும் நோர்வேயிடம் நாம் கற்கவேண்டியது இதுவே. வெளிநாடு சென்ற தாயைக் குறைகூறுவோர், அவர் அனுப்பிய பணத்தில் எழுந்த வீட்டையும், அப்பணம் வராதிருந்தால் அந்தப் பிள்ளை என்ன உண்டிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். அதேவேளை, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மம்மா மூட்டுவலியோடு தனியே மூன்று பிள்ளைகளை வளர்ப்பது பழைய குடி முறையன்று. அது அதன் எச்சம் மாத்திரமே. அன்று பத்துக் கைகள் சுமந்ததை இன்று இரு கைகள் சுமக்கின்றன.

விற்று வாங்கிய பிள்ளை

அப்படியாயின் பிள்ளை யாருடையது? இதற்கு நமது கோயில் வழக்கமே விடை வைத்திருக்கின்றது. நோயுற்ற பிள்ளைக்காகவோ, பல காலம் தவமிருந்து பெற்ற பிள்ளைக்காகவோ நேர்த்தி வைத்தோர், அப்பிள்ளையைத் தெய்வத்துக்கு விற்று, பின் காணிக்கை செலுத்தி வாங்கிச் செல்வதைக் கண்டிருக்கிறோம். அதைச் சடங்கென்று பார்த்துவிட்டுப் போகின்றோம், பொருளை எண்ணுவதில்லை.

சந்நிதியில் பிள்ளையைக் கிடத்தும் அந்தக் கணத்தில் தாய் "இது என்னுடையதல்ல" என்று ஒப்புக்கொள்கின்றாள். திரும்ப வாங்கும்போது முன்போல் உரிமையாளராக வாங்கவில்லை; அம்பாளின் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பாளராக வாங்குகின்றாள். முஸ்லிம் அயலவர்கள் பிள்ளையை இறைவன் தந்த அமானிதம் என்பர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவன் அதைச் சேதப்படுத்தவும் கூடாது. காக்கத் தவறவும் கூடாது. ஒருநாள் கணக்குக் காட்டவும் வேண்டும். இக்கணக்கு பெற்றோருக்கு மட்டுமன்று. அரசுக்கும் உண்டு, ஊருக்கும் உண்டு, கோயிலுக்கும் உண்டு.

காரைதீவில் 1892இல் அவதரித்த சுவாமி விபுலாநந்தர் துறவி, பிள்ளை பெறாதவர். ஆயினும் கல்லடி உப்போடையில் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் வழியாக எத்தனை பிள்ளைகளுக்குத் தந்தையானார்! ஒப்படைக்கப்பட்ட பிள்ளை என்ற உணர்வுக்கு அவரைவிடச் சிறந்த சான்று நம் மண்ணில் வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கவை

அடியார்களே, எண்ணியதைச் செயலில் காட்டுதல் வேண்டும். கோயிலின் அறநெறி வகுப்பில் பிரம்பு இல்லாதிருக்கட்டும். ஞாயிறு காலையில் அறநெறிக்கு வரும் பிள்ளையை ரியூசன் வகுப்பு பறித்துக்கொள்ளாதிருக்கப் பெற்றோரும் ஆசிரியரும் உடன்பாடு காணட்டும். தாய் வெளிநாட்டிலிருக்கும் வீடுகளுக்கு மாதர் சங்கத்தினர் கிழமைக்கு ஒருமுறையேனும் சென்று, அந்த அம்மம்மாவுக்கு இன்னொரு கையாகட்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் கோயில் அறிவித்தற் பலகையில் இடம்பெறட்டும்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு விடுமுறையில் வரும் பேரப்பிள்ளை, "அம்மம்மா, அடிச்சா நான் ரீச்சரிட்ட சொல்லுவன்" என்றால் அதை வாய்த்துடுக்கென்று கொள்ளவேண்டாம். அப்பிள்ளை தனக்கும் ஒரு மதிப்புண்டு என்று கற்று வந்துள்ளது. அதற்கு நாம் கொடுக்கவேண்டியது அங்கே அதற்குக் கிடைக்காத ஒன்றை: பத்துப் பேர் கூடியிருந்து உண்ணும் பந்தியை, கதை சொல்லும் மடியை. வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் தாய் தந்தையருக்கு மொழிபெயர்த்து நிற்கும் அப்பிள்ளைகள், தந்தைக்கே பிரணவப் பொருள் உரைத்த சுவாமிநாதனை நினைவூட்டுகின்றனர். சிவபெருமான் மகன் முன் கைகட்டிக் கேட்டதால் அவர் பெருமை குறைந்ததில்லை. நாமும் சிறிது கேட்டால் குறைந்துவிடமாட்டோம்.

பிள்ளையை மதிக்கும் சட்டம் ஒரு நாட்டிடமும் பிள்ளையைச் சுமக்கும் சுற்றம் மறு நாட்டிடமும் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைப் பழிப்பதால் பயனில்லை. சட்டம் வந்து நிற்குமுன்னே சுற்றம் வந்து நிற்குமாயின் எந்த நாட்டிலும் பிள்ளை அழவேண்டி வராது. தன் சந்நிதியில் விற்று வாங்கிய பிள்ளைகள் அனைவரையும், எத்தேசத்தில் இருந்தாலும், அம்பாள் தன் மடியில் வைத்துக் காத்தருள்வாளாக. அவர்களை வளர்க்கும் நமக்குப் பொறுமையையும் நல்லறிவையும் தந்தருள்வாளாக.